கீமோவை நிறுத்திவிட்டுக் கஷாயத்துக்கு மாறலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 54. இடது மார்பில் கட்டி வந்து அறுவைச் சிகிச்சை செய்தார்கள். இரண்டாம் கட்டம் என்றார்கள். எட்டு முறை கீமோ என்று சொல்லி, இரண்டு முடிந்திருக்கிறது. இரண்டாவது முடிந்ததிலிருந்து நான்கு நாள் ஒரு வாய்க் கஞ்சிகூட வயிற்றில் நிற்கவில்லை. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டிவிட்டது. சிவப்பு மருந்து ஏற்றிய அன்று சிறுநீரும் சிவப்பாகப் போனதைப் பார்த்து மிரண்டுவிட்டார். "இனி அந்த ஊசி வேண்டாம், என்னை விட்டுடுங்க" என்கிறார். என் பெரியப்பா ஒரு வைத்தியரிடமிருந்து கஷாயப் பொடியும், பெயர் எழுதாத ஒரு பற்பமும் வாங்கி வந்திருக்கிறார். அதைச் சாப்பிட்டே குணமானதாகச் சொல்லும் ஒரு பெண்மணியிடம் போனில் பேசவும் வைத்தார். வாட்ஸப்பில் முள்சீத்தா இலை, மஞ்சள் மாத்திரை, அக்குபங்சர் என்று தினம் ஒன்று வருகிறது. அடுத்த ஊசிக்கு ஒன்பது நாள் இருக்கிறது. நிறுத்தினால் அம்மாவைக் கொன்றுவிடுவேனோ, தொடர்ந்தால் சித்திரவதை செய்கிறேனோ என்று இரண்டு பக்கமும் பயமாக இருக்கிறது. இந்த மற்ற மருத்துவங்களில் உண்மை ஏதும் இருக்கிறதா, டாக்டர்?

– க.மீ., மன்னார்குடி

பதில்: அன்புள்ள க.மீ., உங்கள் கடிதத்தில் நாள் நெருக்கம் தெரிந்ததால் முக்கியமான சில வரிகளைத் தபாலில் முன்பே அனுப்பிவிட்டேன். இதே கலக்கத்தில் இன்னும் பல வீடுகள் இருக்கும் என்பதால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சிவப்புச் சிறுநீர். அது ரத்தம் அல்ல. டாக்ஸோரூபிசின் என்ற அந்த மருந்தின் நிறமே சிவப்பு. உடம்பு அதை வெளியேற்றும்போது ஓரிரு நாள் சிறுநீரிலும் அந்த நிறம் தெரியும், தானே தெளிந்துவிடும். முடி, சிகிச்சை முடிந்தபின் பெரும்பாலும் திரும்ப வளரும். வாந்தியை இன்று நல்ல மருந்துகளால் பெருமளவு கட்டுப்படுத்த முடியும். நீங்கள் உங்கள் தாயாரைச் சித்திரவதை செய்யவில்லை, மகளே. ஆனால் அவர் படும் வேதனையில் ஒரு பகுதி, படத் தேவையில்லாத வேதனை. அதைக் குறைக்க வழி இருக்கிறது.

உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது எனக்கு ஒன்று பட்டது. உங்கள் தாயார் கஷாயத்தை நம்பி ஊசியை வேண்டாம் என்று சொல்லவில்லை. நான்கு நாள் வாந்தி எடுத்ததால் சொல்கிறார். இது வேறு, அது வேறு. நம்பிக்கை மாறியிருந்தால் நாம் வாதாட வேண்டியிருக்கும். வாந்திதான் காரணம் என்றால் வாந்தியை நிறுத்தினால் போதும். சிகிச்சையைப் பாதியில் விடுகிறவர்கள் பலர், விடுவதற்கு முன்னால் "என்னால் தாங்க முடியவில்லை" என்று மருத்துவரிடம் சொல்வதே இல்லை. எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும்போல என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, ஒரு நாள் வராமல் நின்றுவிடுகிறார்கள்.

இனி உங்கள் கேள்வி. மற்ற மருத்துவங்களில் உண்மை இருக்கிறதா? சிலவற்றில் இருக்கிறது. ஆனால் எதற்கு உண்மை என்று கேட்க வேண்டும். நோயாளி படும் அவஸ்தையைக் குறைப்பது ஒரு வேலை. நோயையே குறைப்பது இன்னொரு வேலை. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதில்தான் உயிர் போகிறது.

பாஸ்டன் நகரில் ஆஸ்துமா நோயாளிகளிடம் நடந்த ஓர் ஆய்வு 2011-ல் வெளியானது. 39 பேர்தான், சிறிய ஆய்வு. ஆனால் வெகு அழகாகத் திட்டமிட்டது. அதே நோயாளிகளுக்கு வெவ்வேறு நாட்களில் நான்கு விதமாகச் செய்தார்கள்: உண்மையான மருந்துள்ள இன்ஹேலர், மருந்தில்லாத போலி இன்ஹேலர், தோலுக்குள் இறங்காத போலி அக்குபங்சர், ஒன்றுமே செய்யாமல் உட்காரவைத்தல். பிறகு மூச்சின் வேகத்தைக் கருவியால் அளந்தார்கள். உண்மை மருந்தில் 20 சதவீதம் கூடியிருந்தது. மற்ற மூன்றிலும், சும்மா உட்கார்ந்திருந்த நாளையும் சேர்த்து, 7 சதவீதம் அளவில்தான். அதன்பின் "உங்களுக்கு எப்படி இருக்கிறது?" என்று நோயாளிகளையே கேட்டார்கள். உண்மை மருந்தில் பாதி அளவு தேறியதாகச் சொன்னார்கள். போலி இன்ஹேலரிலும் போலி ஊசியிலும் ஏறக்குறைய அதே அளவு, 45, 46 சதவீதம் என்றார்கள். சும்மா இருந்த நாளில்தான் 21 சதவீதம்.

அவர்கள் பொய் சொல்லவில்லை. ஒருவர் அக்கறையோடு கவனித்து ஏதோ செய்தபோது அவர்களுக்கு உண்மையாகவே இதமாக இருந்தது. ஆனால் மூச்சுக்குழாய் விரியவில்லை. ஆஸ்துமாவுக்கே இப்படி என்றால், வலியே இல்லாமல் உள்ளே வளரக்கூடிய புற்றுநோயில் "நன்றாக இருக்கிறது" என்ற உணர்வை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

அந்தப் பெண்மணியின் கதைக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. அவரிடம் மறுபடி பேச நேர்ந்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அம்மா, உங்களுக்கு ஆபரேஷன் ஆயிற்றா?" இப்படிச் சொல்கிறவர்களில் பலருக்குக் கட்டியை முன்பே அறுத்து எடுத்திருப்பார்கள். கட்டியை எடுத்தபின் கண்ணுக்குத் தெரியாத நோயணுக்கள் சிலருக்கு மிச்சம் இருக்கும், சிலருக்கு இருக்காது. யாருக்கு இருக்கிறது என்று முன்கூட்டியே உறுதியாகச் சொல்ல முடியாததால்தான் அபாயம் உள்ளவர்களுக்குக் கீமோதெரபி (எஞ்சிய புற்றணுக்களை அழிக்கும் மருந்துச் சிகிச்சை) தருகிறோம். மிச்சம் இல்லாதவர் கஷாயம் குடித்தாலும் பிழைப்பார், குடிக்காவிட்டாலும் பிழைப்பார். நன்றி மட்டும் கஷாயத்துக்குப் போய்விடுகிறது. மிச்சம் இருந்து நோய் திரும்பியவர்கள் போனில் பேசுவதற்கு இருப்பதில்லை. இதை எழுதும்போது எனக்கு மனம் வலிக்கிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

கீமோ பலன் தருகிறதா என்பது ஒரு டாக்டரின் அபிப்பிராயம் அல்ல. 123 ஆய்வுகளில் பங்கெடுத்த சுமார் ஒரு லட்சம் பெண்களின் விவரங்களைத் திரட்டி 2012-ல் வெளியிட்டார்கள். உங்கள் தாயாருக்குத் தரப்படும் சிவப்பு மருந்து வகையைச் சேர்ந்த சிகிச்சைகளால், மார்பகப் புற்றுநோயில் இறக்கும் அபாயம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்று தெரிந்தது. நூறு சதவீத உத்தரவாதம் அல்லதான். ஆனால் இதற்கு இணையான ஆதாரத்தை எந்தப் பற்பமும் எந்த இலையும் இதுவரை காட்டவில்லை.

அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் இரண்டு ஆய்வுகளை வெளியிட்டார்கள். முதலாவதில், பரவாத நிலையில் இருந்த புற்றுநோய்க்கு அறுவை உட்பட எதையும் ஏற்காமல் மாற்று மருத்துவம் மட்டும் எடுத்துக்கொண்ட 281 பேரைப் பார்த்தார்கள். வழக்கமான சிகிச்சை எடுத்தவர்களைவிட அவர்களுக்கு இறப்பின் அபாயம் இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றுநோயில் மட்டும் பார்த்தால் ஐந்து மடங்குக்கும் மேல். உங்கள் தாயார் அறுவை முடித்தவர், ஆகவே இந்தக் கணக்கு அவருக்கு அப்படியே பொருந்தாது.

இரண்டாவது ஆய்வுதான் உங்கள் வீட்டுக்கு நெருக்கமானது. வழக்கமான சிகிச்சையில் கொஞ்சமாவது ஏற்றுக்கொண்டு, கூடவே வேறு மருத்துவமும் செய்துகொண்ட 258 பேர். இவர்களில் 34 சதவீதம் பேர் கீமோவை மறுத்திருந்தார்கள். மற்றவர்களில் அப்படி மறுத்தவர்கள் 3 சதவீதம்தான். இவர்களுடைய இறப்பு அபாயம் இரண்டு மடங்காக இருந்தது. ஆனால் சிகிச்சையை மறுத்ததையும் தள்ளிப்போட்டதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு பார்த்தபோது அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. கூடுதலாகச் செய்துகொண்டதால் அவர்களுக்கு ஆபத்து வந்ததாகத் தெரியவில்லை. வேண்டியதை விட்டதால்தான் வந்தது. பெரியப்பாவிடம் சொல்ல வேண்டியது இதுதான்: கூடச் சேர்ப்பதைப் பற்றிப் பேசலாம், நிறுத்துவதைப் பற்றிப் பேச்சே இல்லை.

அப்படியானால் எதைக் கூடச் சேர்க்கலாம்?

இஞ்சியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அது உங்கள் சமையலறையிலேயே இருக்கிறது. அமெரிக்காவில் 576 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், கீமோவுக்கு மூன்று நாள் முன்பிருந்தே இஞ்சி மாத்திரை கொடுத்தபோது முதல் நாள் குமட்டல் குறைந்தது. நாளைக்கு அரை கிராமிலிருந்து ஒரு கிராம் வரை கொடுத்தவர்களுக்கே பலன் அதிகம். அதற்குமேல் கூட்டியதால் பலன் கூடவில்லை. எல்லாருமே வாந்தி மருந்தையும் வழக்கம்போல் எடுத்துக்கொண்டவர்கள். எல்லா ஆய்வுகளும் இதே அளவு பலனைக் காட்டவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். மருத்துவர் சம்மதித்தால், கால் தேக்கரண்டி சுக்குப் பொடியை வெந்நீரில் போட்டுச் சிறிது சிறிதாகக் குடிக்கக் கொடுங்கள். ரத்தத் தட்டணுக்கள் குறைந்திருந்தாலோ, ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிட்டாலோ மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம்.

அக்குபங்சர் கட்டியைக் கரைக்காது. ஆனால் கீமோவால் வரும் குமட்டலுக்கு உதவுகிறது என்று அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு 1997-லேயே ஏற்றுக்கொண்டது. ஊசி இல்லாமலும் அந்தப் புள்ளியை அழுத்தலாம். தாயாரின் வலது கையைத் திருப்பி, மணிக்கட்டு மடிப்பிலிருந்து முழங்கைப் பக்கமாக மூன்று விரல் தள்ளி, நடுவில் தெரியும் இரண்டு நரம்புகளுக்கு (உண்மையில் அவை தசைநாண்கள்) இடையில் கட்டைவிரலால் இரண்டு மூன்று நிமிடம் மிதமாக அழுத்துங்கள். இதில் கெடுதல் இல்லை, செலவும் இல்லை. மகள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்வதே பாதி மருந்து. ஊசி குத்தும் அக்குபங்சர் வேண்டுமானால் வெள்ளணு, தட்டணு எண்ணிக்கை தெரிந்தபின், மருத்துவர் அனுமதியோடு மட்டும். அறுவை செய்த பக்கத்துக் கையில் ஊசி வேண்டாம்.

யோகாவும் அப்படியே. ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடித்த 200 பெண்களிடம் நடந்த ஆய்வு 2014-ல் வந்தது. பன்னிரண்டு வாரம் யோகா செய்தவர்களுக்கு, வகுப்புகள் முடிந்து மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோதும் களைப்பு குறைவாக இருந்தது. இப்போதைக்கு உங்கள் தாயாருக்கு மெதுவான மூச்சுப் பயிற்சியும் மாலையில் கால்மணி நேர நடையும் போதும், தலைகீழ் ஆசனங்கள் வேண்டாம். மென்மையாகக் காலும் தோளும் பிடித்துவிடுவதும் நல்லதே. நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மருத்துவமனையில் 1,290 நோயாளிகளுக்கு மசாஜ் கொடுத்தபோது வலி, பதற்றம், குமட்டல் முதலியவற்றின் அளவு சுமார் பாதியாகக் குறைந்தது. ஒப்பிட்டுப் பார்க்க மசாஜ் செய்யாத குழு இல்லாததால் அதை அந்த அளவில்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். அழுத்தித் தேய்க்கும் தொக்கணம், வர்மப் புள்ளிகளில் குத்துவது இரண்டும் கூடாது. இடது கைப்பக்கம் போகவே வேண்டாம்.

உள்ளே போகிற பொருள்கள்தான் எனக்குக் கவலை. "இயற்கையானது, கெடுதல் செய்யாது" என்று எல்லாருமே சொல்கிறார்கள். உங்கள் தாயாருக்கு ஏறிய சிவப்பு மருந்தே இத்தாலிய மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரின் வழி வந்ததுதான். கடைசி நான்கு முறைகளில் பாக்லிடாக்ஸெல் தருவார்கள் என்று நினைக்கிறேன். அது பசிபிக் கரையில் வளரும் ஒரு மரத்தின் பட்டையிலிருந்து கண்டெடுத்தது. ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குத் தரும் வின்கிறிஸ்டின், நம் ஊர்த் தோட்டங்களில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து வருகிறது. மூலிகைக்குள் மருந்து இருக்கிறது என்பதை நவீன மருத்துவம் மறுக்கவே இல்லை. எந்தப் பொருள், எவ்வளவு, எத்தனை நாளைக்கு, யாருக்குக் கூடாது என்று வருடக்கணக்கில் அளந்தபிறகே நோயாளியின் நரம்பில் ஏற்றுகிறோம். பெரியப்பா வாங்கி வந்த பொட்டலத்தில் அந்த நான்கில் ஒன்றுகூட எழுதியில்லை.

பற்பம், செந்தூரம் போன்றவற்றில் உலோகங்கள் சேர்வதுண்டு. இணையத்தில் விற்கப்பட்ட 193 ஆயுர்வேத மருந்துகளை அமெரிக்க ஆய்வாளர்கள் வாங்கிச் சோதித்தார்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது என்று 2008-ல் அறிவித்தார்கள். மூலிகையிலும் ஆபத்தானவை உண்டு. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிவதற்கென்று ஒரு சீன மூலிகைக் கலவையைச் சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் பழுதானது, பின்னால் சிலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயே வந்தது. அரிஸ்டோலோக்கிக் அமிலம்தான் காரணம். நம் ஊர் ஆடுதின்னாப்பாளை அதே குடும்பத்துச் செடி. கஷாயப் பொடியில் அது இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. என்ன இருக்கிறது என்று யாருக்குமே தெரியாது, அதனால் கொடுக்காதீர்கள்.

முள்சீத்தாவின் சாறு கண்ணாடிக் குடுவையில் வளர்த்த புற்றணுக்களைக் கொல்கிறது. அது உண்மை. குடுவைக்குள் உள்ள அணுக்களைக் கொல்லும் பொருள்கள் ஏராளம். மனிதருக்குப் புற்றுநோயைக் குணப்படுத்தியதற்கு ஆதாரம் இல்லை. கரீபியன் கடலில் உள்ள குவாடலூப் தீவில், இந்தப் பழத்தையும் இலைத் தேநீரையும் நிறையச் சாப்பிட்டவர்களிடம் பார்க்கின்சன் போன்ற நரம்பு நோய் அதிகம் காணப்பட்டதை 1999-ல் வெளியிட்டார்கள். என்றைக்காவது ஒரு துண்டு பழம் பரவாயில்லை. தினம் இலைக் கஷாயம் வேண்டவே வேண்டாம்.

ரசத்திலும் குழம்பிலும் போடும் மஞ்சள் தாராளமாகத் தொடரட்டும். மாத்திரை வேறு விஷயம். மஞ்சளில் உள்ள குர்குமின் உடம்பில் எளிதில் சேராது, சேரவைக்க மிளகுச் சத்தைக் கலந்து விற்கிறார்கள். அப்படிச் செறிவாகச் சாப்பிட்டுக் கல்லீரல் கெட்டவர்கள் இருக்கிறார்கள். கீமோ முடிந்தபின் உங்கள் தாயாருக்கு டமாக்சிஃபென் மாத்திரை தரப்படலாம். குர்குமின், மிளகுச் சத்து இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் அந்த மாத்திரையின் வீரியம் ரத்தத்தில் குறைகிறது என்று நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் நடந்த ஆய்வு காட்டியிருக்கிறது. ஆன்டி-ஆக்ஸிடன்ட் (அணுக்களின் தேய்மானத்தைத் தடுப்பதாகச் சொல்லப்படும் சத்து) மாத்திரைகளும் வேண்டாம். பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடந்த ஆய்வில், கேரட்டின் சத்தான பீட்டா கரோட்டினை மாத்திரையாகச் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடத்தான் செய்தது. புற்றுநோய் வராமல் காக்கும் என்று நம்பித்தான் கொடுத்தார்கள்.

சித்த மருத்துவத்தை நான் இகழ்வதாக எண்ண வேண்டாம். தாம்பரம் சானடோரியத்தில் மத்திய அரசின் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. அங்கும் அரசு மருத்துவமனைகளின் சித்தப் பிரிவுகளிலும் பட்டம் பெற்ற மருத்துவர்கள் இருக்கிறார்கள். வேண்டுமானால் கேஸ் ஷீட்டோடு அவர்களிடம் போய்க் கேளுங்கள். புற்றுநோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வது 1954-ம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்தியாவில் குற்றம். நோட்டீஸ் அடித்து அப்படி வாக்குக் கொடுப்பவர் எந்த மருத்துவத்தைச் சேர்ந்தவரானாலும் அந்த வாசலை மிதிக்காதீர்கள்.

ஊசி நாள் வரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே மருத்துவமனைக்குப் போங்கள். பெரியப்பாவையும் அழைத்துச் செல்லுங்கள். அவர் அந்தப் பொடியை அன்பினால்தான் வாங்கினார், கோபிக்காதீர்கள். மருந்து நேரங்களை நோட்டில் குறித்துவைக்கும் பொறுப்பை அவரிடம் கொடுங்கள். பொட்டலங்கள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு டாக்டரின் மேசைமேல் வையுங்கள். ஏற்கெனவே ஒரு வேளை கொடுத்திருந்தாலும் மறைக்க வேண்டாம். கல்லீரல், சிறுநீரகச் சோதனை செய்து பார்த்துக்கொள்வார். பிறகு, "நான்கு நாள் எதுவுமே நிற்கவில்லை, வாந்தி மருந்தை மாற்ற முடியுமா?" என்று இதே சொற்களில் கேளுங்கள். அப்ரெபிடன்ட், ஓலன்சபின் என்று கூடுதல் மருந்துகள் உண்டு. ஓலன்சபின் மனநோய்க்கு உரியது என்று கடைக்காரர் சொன்னால் பதற வேண்டாம். சிறிய அளவில், சில நாளைக்கு, வாந்திக்காகத் தருவது இப்போது வழக்கம். இரவில் கொடுத்தால் தூக்கமும் வரும்.

செலவும் ஒரு பயமாக இருந்தால், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் கீமோ அடங்கும். மருத்துவமனையின் காப்பீட்டு உதவி மையத்தில் விசாரியுங்கள்.

வெள்ளணுக்கள் குறையும் நாட்களில் பச்சையாக அரைத்த இலைச்சாறு, அருகம்புல் சாறு எதுவும் வேண்டாம், கொதிக்கவைத்து ஆறிய நீர், அன்றன்று சமைத்த சாப்பாடு மட்டும் கொடுங்கள். வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். கீமோ நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், நடு இரவானாலும் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே போனதும் "கீமோ எடுப்பவர், காய்ச்சல்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.